கணக்கில் ஏறாத நஞ்சு



இத்திங்கள் எழுத எடுத்துக்கொண்ட பொருள் குடிநீர். நாளேடுகளில் ‘அழியா இரசாயனங்கள்’ என்றொரு சொல் அடிக்கடி வரக் கண்டு, அஃது யாது, அதற்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று சங்க உறுப்பினர் சிலர் வினவினர். அவர்களுள் இருவர் கொங்கண் இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் குடியிருப்போர். இத்தாலி நாட்டில் ஒரு பெரும் வழக்கிற்குக் காரணமாயிருந்த தொழிற்சாலையின் இயந்திரங்கள் கடல் கடந்து நம் இரத்தினகிரி மாவட்டத்திற்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்னும் செய்தியைப் படித்த பின்னரே அவர்களுக்கு இவ்வையம் எழுந்தது. நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சரக்கு அலுவலகத்தில் எண்களோடு காலம் கழிப்பவன். ஆயினும் இவ்விஷயத்தில் விஞ்ஞானத்தைக் காட்டிலும் கணக்கே பெரிதும் வேண்டப்படுகிறது என்பது படிக்கப் படிக்கத் தெளிவாயிற்று.

முதலில் இப்பொருள் இன்னதென்று பார்ப்போம். கார்பன், ஃபுளோரின் என்னும் இரண்டு தனிமங்களைப் பிணைத்து மனிதன் ஆக்கிய பொருள்கள் இவை. ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கானவை, இவற்றைச் சேர்த்து பி.எஃப்.ஏ.எஸ். என்று வழங்குகின்றனர். அப்பிணைப்பு மிக வலியது. வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மற்றெல்லாவற்றையும் காலப்போக்கில் சிதைத்துவிட, இதனை மட்டும் எளிதில் சிதைக்க மாட்டா. ‘அழியா’ என்னும் அடைமொழி வந்தது அதனாலேதான். எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது, வெப்பமும் தாங்கும் என்ற மூன்று குணங்களுக்காக இவற்றைத் தொழிலுலகம் விரும்பி வரவேற்றது. நனையாத துணி, எண்ணெய் ஊறாத பொட்டலக் காகிதம், விமான நிலையங்களில் எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, தோசை ஒட்டாத தவா என்று பல இடங்களில் இவை புகுந்தன. (தவாவின் மேற்பூச்சைக் காட்டிலும் அப்பூச்சைச் செய்யும் ஆலையில் பயன்பட்ட துணைப்பொருளும் அதன் கழிவுமே ஊர்களுக்குக் கேடு விளைத்தன. ஆயினும் நம் பாட்டிமார் பழக்கி வைத்த இரும்புத் தோசைக்கல்லை நான் விட்டுக்கொடுக்கச் சித்தமாயில்லை.)

இனி இத்தாலிக்குச் செல்வோம். அந்நாட்டின் வடகிழக்கில் வெனேட்டோ என்றொரு மாநிலம். அதில் விச்சென்சா மாவட்டத்து மலையடிவாரத்தில் திரிசினோ என்னும் சிற்றூர். நெசவுத் தொழிலில் பேர்போன மார்சோட்டோ குடும்பத்தார் 1960களின் நடுவில் அங்கே ஓர் இரசாயன ஆலையை நிறுவினர். 1988இல் அது ஜப்பானிய நிறுவனமொன்றும் இத்தாலிய நிறுவனமொன்றும் கூட்டாக நடத்தும் ‘மித்தேனி’ என்னும் பெயரை அடைந்தது. பின்னர் ஜப்பானியர் கைக்கே முழுதும் சென்றது. 2009இல் வேறொரு ஐரோப்பிய நிறுவனத்திற்குக் கைமாறிற்று. ஆலை அமைந்த இடமோ கூழாங்கல் நிறைந்த நிலம். மலையில் பெய்யும் மழை அக்கல்லினூடே இறங்கித்தான் கீழேயுள்ள சமவெளியின் நிலத்தடி நீராகிறது. சமவெளி ஊர்களோ அந்நீரை ஆழ்கிணறுகளால் எடுத்துக் குழாய்களில் விட்டுக் குடித்து வந்தன. நம் ஊர்ப்புறத்தில் ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலின் தலைமாட்டில் சாயப்பட்டறை வைத்தாற்போன்ற ஏற்பாடு.

ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் இது அவ்வூர் மக்களுக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஆறுகளில் இவ்வகைப் பொருள்களைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர் இத்தாலியின் போ ஆற்றில் மிகுதியாகக் கண்டனர். அதன்பேரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைக் கொண்டு ஆறுகளையும் குடிநீரையும் சோதிக்கச் செய்தது. அச்சோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தபோதுதான் வெனேட்டோவின் மூன்று மாவட்டங்களில் குழாய் நீரிலேயே அப்பொருள்கள் இருப்பது புலனாயிற்று. கழிவின் வழியைப் பின்தொடர்ந்து மேலே சென்ற மாநில அதிகாரிகள் திரிசினோ ஆலையின் வாயிலில் போய் நின்றனர். அதற்குச் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கேயுள்ள லோனிகோ முதலிய ஊர்களின் கிணறுகளே மிகவும் கெட்டிருந்தன. மூன்றரை லட்சம் மக்கள் இம்மாசின் எல்லைக்குள் இருந்தனர் என்று சொல்லப்படுகிறது.

அவ்வூர்களின் நகராட்சிகள் குடிநீரைச் சோதிக்காமல் இருந்தனவா என்றால், இல்லை. ஒழுங்காகச் சோதித்தே வந்தன. கிருமி உண்டா, குளோரின் போதுமா, நைட்ரேட் எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று ஒவ்வொரு பத்தியிலும் எண் எழுதி, ‘நீர் திருப்திகரமானது’ என்று கையெழுத்தும் இட்டனர். அக்கையெழுத்தில் பொய்யில்லை. படிவத்தில் இந்நஞ்சிற்கென ஒரு பத்தி இல்லை, அவ்வளவே. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். பதிவேட்டில் பத்தி கிழிக்கப்படாத சரக்கு நடைமேடையில் மலைபோல் குவிந்து கிடந்தாலும் மாதக் கணக்கில் அதற்கு இருப்பு கிடையாது. மேலதிகாரி வந்து கேட்டால், கணக்கு சரியாகவே இருக்கும்.

இந்நஞ்சின் அளவு எவ்வளவு சிறிது என்பதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு ஒரு நானோகிராம். அமெரிக்க அரசாங்கம் 2024 ஏப்ரலில் இவ்வகையில் மிகக் கொடியனவாகிய பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்னும் இரண்டிற்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு விதித்தது. எங்கள் இரயில்வேக் கணக்கில் இதனைச் சொல்கிறேன். 2019 ஜூலையில் சென்னை தாகத்தால் தவித்தபோது சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு நீர் ஏற்றி வந்த வண்டியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அத்தகைய வண்டிகள் நூறு வரிசையாக நிற்க, அவையனைத்திலும் உள்ள நீரில் ஒரே ஒரு கிராம், அஃதாவது சமையலறையில் இரண்டு சிட்டிகை உப்பளவு, கரைந்திருந்தால் அதுவே அமெரிக்கர் விதித்த வரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் இருபது பொருள்களைச் சேர்த்து லிட்டருக்கு 100 நானோகிராம் என்று வைத்து, 2026 ஜனவரி முதல் அதனைக் கட்டாயமாக்கியது. அதன்படி நான்கு வண்டிகளுக்கு ஒரு கிராம். கண்ணுக்குத் தெரியுமா, நாவிற்குத் தெரியுமா? பளிங்குபோல் தெளிந்த நீரும் இதில் நமக்கு யாதொரு சாட்சியும் சொல்லாது.

இவ்வளவு சிறியதற்கா இத்தனை அச்சம் என்று கேட்பது நியாயமே. உடலில் புகுந்த உப்பு வியர்வையிலும் சிறுநீரிலும் நாள்தோறும் வெளியேறிவிடும். இப்பொருளோ இரத்தத்தின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. பி.எஃப்.ஓ.ஏ. உடலில் பாதியாகக் குறையவே இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நாம் மேலும் பல்லாயிரம் குவளை நீர் குடித்திருப்போம். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றங்கரை ஊர்களில் ஓர் ஆலையின் கழிவு குடிநீரில் கலந்ததன் பேரில் நடந்த வழக்கின் சமரசப்படி, சுமார் 69,000 மக்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அவ்வாய்வை நடத்திய மூவர் குழு 2012இல், ஆறு நோய்களுக்கும் அப்பொருளுக்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று அறிவித்தது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய், குடற்புண் நோய் வகை ஒன்று, கருவுற்ற தாய்மாருக்கு வரும் இரத்தக் கொதிப்பு, மிகு கொலஸ்டிரால் என்பன அவை. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பி.எஃப்.ஓ.ஏ.யை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என்னும் முதல் வகுப்பில் சேர்த்தது. இப்பொருள் கலந்த நீரைக் குடித்தவரெல்லாம் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. புகையிலையைப்போலவே, பலர் தப்புவர். எவர் தப்புவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

வெனேட்டோவிலும் 2017 முதல் அரசாங்கமே மக்களை அழைத்து இரத்தம் சோதித்தது. மிகவும் மாசுற்ற சிவப்பு மண்டலத்தில் முதற்கட்ட முடிவுகள் வந்தபோது, ஒரு மில்லிலிட்டருக்கு 44 நானோகிராம் என்பது பி.எஃப்.ஓ.ஏ.யின் நடுமதிப்பாக இருந்தது. மாசு படாத ஊர்களில் அது இரண்டையொட்டியே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பெயரிட்ட உறைகள் தபாலில் வீடு வந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்த தாய்மார்கள், நாம் சமைத்ததும் நாம் கலக்கிக் கொடுத்ததும்தானே பிள்ளையின் இரத்தத்தில் நிற்கிறது என்று நினைத்திருப்பார்கள். அந்நினைப்பை எழுத எனக்குச் சொல் போதாது. அத்தாய்மார்கள் அதே ஆண்டில் ஒரு சங்கமாகக் கூடினர். அவர்களுள் விஞ்ஞானிகள் அரியர். எண்ணைக் கேட்டார்கள், தாளைக் கேட்டார்கள், கூட்டத்திற்குக் கூட்டம் சென்று நின்றார்கள்.

நகராட்சிகள் என்ன செய்தன என்பது நமக்கு மிகவும் வேண்டிய பகுதி. 2013இலேயே லோனிகோவின் நீர் நிலையத்தில் பதப்படுத்திய கரித்தூள் நிறைந்த பெரும் தொட்டிகளை வைத்து நீரை அதனூடே செலுத்தினர். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ செய்யப்படும் அக்கரி, நஞ்சைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும். ஆனால் கரிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நிறைந்தபின் மாற்றாவிடில் நஞ்சு கடந்து வந்துவிடும்; அதிலும் சிறிய சங்கிலியுள்ள வகைகள் முந்திக்கொண்டு வரும். ஆகவே கரியை அடிக்கடி மாற்றவும், மாற்றிய கரியை மிகுந்த வெப்பத்தில் எரிக்கவும், இடையிடையே நீரைச் சோதிக்கவும் ஓயாத செலவு. இதனைக் கண்டே, மாசு படாத வேறு ஊற்றுப்பகுதிகளிலிருந்து புதிய குழாய்த் தொடர்கள் அமைக்கும் வேலையையும் எடுத்துக்கொண்டனர். 2018இல் அரசாங்கம் அவசர நிலை அறிவித்தது அவ்வேலைக்காகவே.

நம் இல்லத்தரசிகள் இவ்விடத்தில் கேட்பது தெரிகிறது: காய்ச்சிக் குடித்தால் போகாதா? போகாது. காய்ச்சினால் கிருமி சாகும், நீர் ஆவியாகும், நஞ்சு பாத்திரத்திலேயே தங்கி, முன்னிலும் சற்றுச் செறிவாகும். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பதும், குளோரின் மாத்திரையும், மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியும், ஊதாக்கதிர் விளக்கும் இதற்கு உதவா. ஆனால் கிருமியின் பொருட்டுக் காய்ச்சுவதை ஒருவரும் விட்டுவிட வேண்டா. மழைக்காலத்து வாந்திபேதி இந்நஞ்சினும் விரைந்து கொல்லும். கரி வடிகட்டி ஓரளவும் ஆர்.ஓ. கருவி நன்றாகவும் இதனைப் பிரிக்கும். ஆயினும் ஆர்.ஓ. கருவி ஒரு குடம் தூய நீர் தருவதற்கு இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடையில் விடுகிறது. நஞ்சும் அதனோடு சென்று கீழுள்ளவன் கிணற்றில் சேரும். வாங்க வசதியில்லாத குடும்பத்திற்கோ அதுவும் இல்லை. தாராவியில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு இவ்விஷயத்தில் ‘கருவி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று புத்தி சொல்வது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆலை 2018இல் திவாலாயிற்று. விச்சென்சா நீதிமன்றம் 2025 ஜூன் 26ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 15 நிர்வாகிகளில் 11 பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அனைத்தையும் கூட்டினால் 141 ஆண்டுகள். இது முதல் நீதிமன்றத்தின் தீர்ப்பு; மேல்முறையீட்டிற்கு இடமுண்டு.

திவாலான ஆலையின் சொத்துகள் 2019இல் ஏலத்திற்கு வந்தபோது, இயந்திரங்களையும் செய்முறை உரிமைகளையும் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் இரசாயன நிறுவனத்தின் துணை நிறுவனம் வாங்கிற்று. அவை கழற்றப்பட்டுக் கடல்வழி வந்து, இரத்தினகிரி மாவட்டத்து லோட்டே பரசுராம் தொழிற்பேட்டையில் பூட்டப்பட்டன. கேட் நிலையத்திற்கும் சிப்ளூண் நிலையத்திற்கும் இடையே உள்ள இடம் அது. மும்பையிலிருந்து கொங்கண் வழியாக நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் கோடை விடுமுறையில் செல்லும் நம் குடும்பங்கள் சன்னல் வழியே பச்சை மலையைப் பார்த்துக்கொண்டே கடக்கும் பகுதி. அத்தொழிற்பேட்டையின் கழிவு பொது நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டுத் தாபோள் கழிமுகத்தில் விடப்படுவதும், அங்கே மீன்பிடிப்போர் பல்லாண்டுகளாகவே முறையிட்டு வருவதும் புதிய செய்தியல்ல. வாங்கிய நிறுவனம் குற்றம் புரிந்ததென்று நான் சொல்ல வரவில்லை. இயந்திரம் தானாகப் பாவம் செய்வதில்லை. கழிவைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு தக்கவாறு இருந்தால் ஊருக்குத் தீங்கில்லை. அவ்வேற்பாடு இருக்கிறதா என்பதை எந்தத் தாளைப் பார்த்து அறிவது என்பதே என் கேள்வி.

ஏனெனில் நம் நாட்டின் குடிநீர்த் தரநிலையாகிய ஐ.எஸ். 10500இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இப்பொருள்களுக்கென்று தனிப் பத்தி இல்லை. ஈயத்திற்கு உண்டு, பாதரசத்திற்கு உண்டு, பூச்சிமருந்திற்கு உண்டு. பத்தி இல்லாத இடத்தில் நகராட்சி வேதியியலாளர் எழுதும் ‘திருப்திகரம்’ என்பதற்கு, 2013க்கு முன் லோனிகோவில் எழுதப்பட்டதற்கு மேற்பட்ட மதிப்பை இவ்வொரு பொருளைப் பொறுத்தவரை நாம் தர இயலாது. தேடினால் கிடைக்காததும் அன்று. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அந்நகரின் நிலத்தடி நீரிலும் நீர்நிலைகளிலும் இவற்றைக் கண்டு வெளியிட்டமையால், விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

வெனேட்டோவுக்கு ஐம்பதாண்டுகள் கழித்துத் தெரிந்தது. கொங்கணத்திற்கு ஆலை ஓடத் தொடங்கும்போதே தெரிந்திருக்கிறது. இந்த முற்பட்ட காலம் ஒன்றே நம் கையிலுள்ள இலாபம். இன்று கிணற்று நீரைச் சோதித்து எண்ணை எழுதி வைத்தால், ஐந்தாண்டு கழித்து ஒப்பிட ஓர் அடிக்கணக்கு இருக்கும். அஃதின்றி ஐந்தாண்டு கழித்துக் கேட்டால், ‘முன்பே இருந்ததாயிருக்கலாம்’ என்று எவரும் எளிதாகச் சொல்லிவிடுவர். சரக்கு குறைந்ததென வழக்காடுபவனிடம் ஏற்றிய இடத்து எடைச் சீட்டு இல்லையென்றால் அவன் கதி என்னவென்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே, கேட், சிப்ளூண் வட்டாரத்தில் வாழும் நம்மவரும், எந்த இரசாயனத் தொழிற்பேட்டைக்கு அருகில் குடியிருப்போரும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் ஒன்று இடலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். விண்ணப்பத்தில் வருத்தங்களையும் வாதங்களையும் எழுத வேண்டா; கேட்பவை தாள்களாக இருக்கட்டும். நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதுவதாயின், கடந்த மூன்றாண்டுகளில் நம் பகுதிக்கு நீர் தரும் கிணறு, ஆறு, தொட்டி ஆகியவற்றின் நீர்ச்சோதனை அறிக்கைகளின் நகல், அவற்றுள் பி.எஃப்.ஏ.எஸ். சோதிக்கப்பட்டிருந்தால் அதன் எண். சோதிக்கப்படவில்லையெனில், சோதிப்பதற்கான ஆணையோ திட்டமோ உள்ள கோப்பின் நகல் என்று கேட்கவும். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதுவதாயின், குறித்த ஆலைக்கு வழங்கிய இசைவு ஆணையின் நகலும், அதன் கழிவு நீரில் எவ்வெப்பொருள்கள் அளக்கப்பட வேண்டுமென்ற நிபந்தனைப் பக்கமும், கடைசியாக அளந்த அறிக்கையும் கேட்கவும். இரயில்வேக் குடியிருப்பில் இருப்போர் தத்தம் கோட்டத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். நம் குடியிருப்புகளின் நீரையும் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட்டுத்தான் வருகிறார்.

விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. மராட்டியில் எழுத இயலாதவர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க வாசகசாலைக்கு வந்தால் எழுதித் தருவதற்கு இருவர் இசைந்திருக்கின்றனர். வந்த விடைகளின் நகலை இப்பகுதிக்கு அனுப்பினால், ஊர், நாள், எண் ஆகியவற்றோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறேன். ‘இப்பொருள் சோதிக்கப்படவில்லை’ என்று வரும் விடையையும் அவ்வாறே வெளியிடுவேன்.